பழைய காரில் எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி, ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கி உருவான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பத்மினி, அம்பாசடர் எல்லாவற்றிலும் அந்தக் காலத்தில் ஃபேனைச் சுற்றியது எஞ்சின் பெல்ட்தான். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது ஃபேனும் மெதுவாகச் சுற்றும். அதிகக் காற்று வேண்டிய நேரத்தில்தான் காற்று குறையும். கும்பகோணம் கடைத்தெருவிலோ மூடிய ரயில்வே கேட்டிலோ சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நின்றால் முள் சிவப்பைத் தொட்டுவிடும். அதனால்தான் மாருதி 800-இன் ஃபேனையோ கடையில் கிடைக்கும் 10, 12 அங்குல ஃபேனையோ வாங்கி மாட்டுகிறார்கள்.

மாட்டிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஃபேனால் வருவதில்லை. எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), ஒயர், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) ஆகிய நான்கில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். ஆகவே கீழே உள்ள சோதனைகளை முடிக்காமல் இன்னும் பெரிய ஃபேன் வாங்காதீர்கள். பெரிய ஃபேன் கூடுதல் கரண்ட் இழுக்கும். பலவீனமான ஒயரிங்கை இன்னும் பலவீனமாக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று. 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப் ஒன்று. துருப்பிடித்த இணைப்பிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஆனால் பல்பு மங்கலாகத்தான் எரியும். அதனால் இரண்டும் வேண்டும். 4 சதுர மி.மீ. ஒயர் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு, அவற்றில் ஒன்றின் நடுவில் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. ஒரு ஊதுபத்தி.

தொடங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். எம்.ஜி.பி-யில் 1967 வரை அப்படித்தான். இதைக் கவனிக்காமல் சிவப்பு, கறுப்பு நிறத்தை மட்டும் நம்பி மாட்டினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீரின் சூட்டைப் பொறுத்துத் தானாக வேலை செய்யும் தெர்மோ சுவிட்சில் ஓடும் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் தானாகத் தொடங்கலாம். இறக்கை பக்கம் கை போகும் எந்த வேலைக்கும் முன் ஃபேனின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

## 1. ஃபேன் சுற்றவே இல்லை

முதலில் ஒரே ஒரு சோதனை. ஃபேன் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் உள்ள உங்கள் இரண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுங்கள். விடையைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

### 1அ. நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது

மோட்டார் நன்றாக இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

ஃபியூஸ். எடுத்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். ஃபியூஸ் மாட்டியிருக்கும் நிலையில் இரு பக்கமும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸின் ஹோல்டரில் ஸ்பிரிங் சூடேறித் தளர்ந்திருக்கும். ஃபியூஸ் நலமாகவே தெரியும்.

ரிலே. 30 பேட்டரியிலிருந்து வரும் பின், 87 ஃபேனுக்குப் போவது, 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் சுருளின் முனைகள். 30-ஆம் பின்னில் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் 87-க்கு அப்பால் எல்லாம் சரி. கோளாறு ரிலேயிலோ 85, 86 பக்கத்திலோ இருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபேனின் எர்த்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட்டுக்கு மேல் திருகு வைத்து முறுக்கியிருப்பார்கள். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இன்னும் நல்ல வழி, எர்த் ஒயரை நேராகப் பேட்டரியின் எர்த் முனைக்கே கொண்டுபோவது.

தெர்மோ சுவிட்ச். இரண்டு முனை சுவிட்சானால் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று இணையுங்கள். ஒரு முனை சுவிட்சானால் அந்த ஒயரை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் பழி சுவிட்சின் மேல் விழும். ஆனாலும் உடனே புதிது வாங்க வேண்டாம். ஒரு முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. இரண்டு இடத்தில் அந்த எர்த் அறுபடும். ஒன்று, மரையில் டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றியிருப்பது. மற்றொன்று, மேல் ஓஸ் பைப்பை வெட்டி நடுவில் அலுமினிய அடாப்டர் வைத்து அதில் சுவிட்சை மாட்டியிருப்பது. இரு பக்கமும் ரப்பர், எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டரிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் விட்டால் வேலை முடிந்தது. டேப்புக்குப் பதில் காப்பர் வாஷர் போடுங்கள்.

சுவிட்சையே சோதிக்க ஒரு பாத்திரத் தண்ணீர் போதும். பித்தளை நுனி மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, வெப்பமானியோடு கொதிக்கவிடுங்கள். 95 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி மீட்டர் கத்த வேண்டும்; அடுப்பை அணைத்ததும் சில டிகிரி இறங்கி விட்டுவிட வேண்டும். தண்ணீர் கொதித்தும் சத்தமே இல்லையென்றால் சுவிட்சை மாற்றுங்கள்.

தண்ணீரில் சரியாக வேலை செய்யும் சுவிட்ச் காரில் வேலை செய்யவில்லையா? அதன் நுனியில் தண்ணீர் இல்லை, காற்று நிற்கிறது என்று பொருள். முன் சக்கரங்களை ஒரு சரிவில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் வால்வு இருந்தால் திறந்துவைத்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஆறிய நிலையிலிருந்து ஓடவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள்.

### 1ஆ. நேராகக் கொடுத்தும் சுற்றவில்லை

கையால் இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் ஷாஃப்ட் புஷ்ஷில் துரு. நாகப்பட்டினம், வேதாரண்யம், அதிராம்பட்டினம் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம். லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்டுக்கு அசையவில்லை என்றால் மோட்டாரை மரச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இப்போது ஓடுகிறதே என்று விட்டுவைத்தால் வழியில் நிற்கும்.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: திறக்கக்கூடிய மோட்டாரானால் ஸ்டார்ட்டர், டைனமோ கட்டும் கடையில் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றித் தருவார்கள். மடித்து மூடிய மோட்டாரைத் திறந்து பயனில்லை. காயலான் கடையில் இன்னொன்று தேடுங்கள். அங்கேயே பேட்டரியில் வைத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

## 2. ஃபேன் சுற்றுகிறது, நின்றால் மட்டும் சூடு ஏறுகிறது

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. ஃபேன் பத்தவில்லை என்று முடிவுகட்டி 14 அங்குலத்துக்குப் போய்விடுகிறார்கள். பொறுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

### 2அ. காற்று எந்தப் பக்கம் போகிறது?

ஊதுபத்தியைக் கொளுத்தி கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். புகை உள்ளே, எஞ்சின் பக்கம் இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழ். ஓடும்போது எதிரே வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கு நிற்கும், நின்றால் எஞ்சின் சூட்டையே ரேடியேட்டரில் ஊதும். இந்த மோட்டார்களில் நிலைக் காந்தம் இருப்பதால் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டாலே திசை மாறும்.

திசை சரியானாலும் ஒரு தவறு மிஞ்சலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேனை இடமில்லாமல் முன்னால் வைத்து, ஒயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். காற்று சரியான பக்கம் போகும், ஆனால் வெகுவாகக் குறைந்திருக்கும். இறக்கையின் வளைவைப் பாருங்கள்: குழிந்த பக்கம்தான் காற்றை அள்ளித் தள்ள வேண்டும். முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால் இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போடவும் வேண்டும். ஒயர் மாற்றம், இறக்கை மாற்றம் இரண்டும் சேர்ந்தால்தான் இழுக்கும் ஃபேன் தள்ளும் ஃபேனாகும். திருப்ப முடியாத இறக்கையானால் அந்த ஃபேன் முன்பக்கத்துக்கு உதவாது.

### 2ஆ. ஃபேனுக்கு எத்தனை வோல்ட் போகிறது?

எஞ்சின் ஓட, ஃபேன் சுற்ற, பேட்டரி முனைகளில் ஒரு முறை, ஃபேன் பிளக்கில் ஒரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஒயரோ எர்த்தோ கரண்டைத் தின்கிறது.

கணக்கு எளிது. 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம். 15 ஆம்பியர் போனால் மீட்டருக்கு 0.27 வோல்ட் போய்விடும். மூன்று மீட்டர் சுற்றி வந்தால் முக்கால் வோல்ட்டுக்கு மேல் காலி, அதுவும் இணைப்புகளின் இழப்பைச் சேர்க்காமல். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். வீட்டு ஒயரிங் ஒயரைப் போடாதீர்கள். அதன் பி.வி.சி. உறை பெரும்பாலும் 70 டிகிரிக்கு உட்பட்டது. எஞ்சின் அருகே இளகிவிடும். ஆட்டோமொபைல் ஒயர் என்று கேட்டு வாங்குங்கள்.

### 2இ. ரேடியேட்டர் வெளியே அடைபட்டிருக்கிறதா?

டெல்டாவில் இதை வருடத்துக்கு இரண்டு முறை எதிர்பார்க்க வேண்டும். குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசியிலும் சம்பா அறுவடை நடக்கும் தையிலும் சாலையில் நெல் காயும், வைக்கோல் பறக்கும், அறுவடை இயந்திரத்தின் தூசி காற்றில் நிற்கும். பதரும் வைக்கோல் துணுக்கும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே போய், இரவில் அடிபடும் பூச்சிகளோடு சேர்ந்து பாய் பின்னியதுபோல் படியும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பின்னால் டார்ச் வைத்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு.

சுத்தம் செய்வது எஞ்சின் பக்கத்திலிருந்து முன் பக்கமாக. முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் ஃபின் மடிந்துவிடும். தோட்டத்துக் குழாய் வேகம் போதும், அல்லது கம்ப்ரஸர் காற்றை ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரை ஊற்றி அரை மணி ஊறவிட்டுக் கழுவுங்கள்.

### 2ஈ. உறை இல்லை, இடைவெளி இருக்கிறது

12 அங்குல ஃபேனை 18 அங்குல அகல ரேடியேட்டரில் உறை இல்லாமல் ஒட்டி வைத்தால், அந்த வட்டத்துக்குள் மட்டும்தான் காற்று போகும். மூலைகள் சும்மா இருக்கும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் தகர உறை செய்து, ஃபேனை அதன் துளையில் பொருத்துங்கள். உறைக்கும் ரேடியேட்டருக்கும் இடையே 25 முதல் 40 மி.மீ. விட்டால் மூலைகளிலிருந்தும் காற்று இழுபடும். அடுத்து, ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலும் உள்ள சந்துகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். அடைக்காவிட்டால் எஞ்சின் பக்கம் போன சுடுகாற்று சந்து வழியாகத் திரும்பி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும்.

### 2உ. தண்ணீர் ஓடுகிறதா?

ரேடியேட்டரின் மேல் கழுத்திலும் கீழ்க் கழுத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். பளபளக்கும் பித்தளையில் அது பொய் சொல்லும், அதற்குத்தான் டேப். எஞ்சின் முழுச் சூட்டில், ஃபேன் ஓடும்போது மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்று சூட்டை எடுக்கவில்லை. 2அ-விலிருந்து மறுபடி பாருங்கள். வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் சரியாக ஓடவில்லை: தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறிக்கும் வால்வு), வாட்டர் பம்ப் அல்லது உள் அடைப்பு.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: உள் அடைப்பானால் ரேடியேட்டர் கடையில் டேங்கைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கடலோரக் கிராமங்களில் உப்பு கலந்த போர்த் தண்ணீரை ஊற்றிப் பழகிய வண்டிகளுக்கு இது ஒருநாள் வந்தே தீரும். அதற்குப் பின்னாவது டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். நமக்கு உறைபனி இல்லை. கூலன்ட் வேண்டியது துருவுக்காக. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும்.

## 3. நின்றால் சரி, நெடுஞ்சாலையில் சூடு ஏறுகிறது

ஃபேனைக் குறை சொல்ல வேண்டாம். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே போதும். ஃபேன் ஓடத் தேவையில்லை. திருச்சி–தஞ்சாவூர் நாற்கரச் சாலையில் 80-இல் போகும்போது முள் ஏறினால் இவற்றைப் பாருங்கள்.

முதலில், நீங்கள் செய்த உறையே காற்றை மறிக்கிறதா? ரேடியேட்டர் முழுவதையும் மூடி, ஃபேன் துளை மட்டும் விட்ட உறை வேகத்தில் தடையாகும். உறையின் மூலைகளில் நான்கு சன்னல் வெட்டி, வெளிப்பக்கம் மேல் விளிம்பில் மட்டும் பிடித்த ரப்பர் மடல் தொங்கவிடுங்கள். வேகத்தில் காற்று மடலைத் தள்ளித் திறக்கும். நின்றால் ஃபேனின் இழுப்பில் மூடிக்கொள்ளும். கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், நம்பர் பிளேட் இருந்தால் கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது கீழ் ஓஸ் பைப். எஞ்சினை முடுக்கும்போது பம்ப்பின் உறிஞ்சலில் அது உள்ளே சப்பிக்கொள்கிறதா? அப்படியானால் பைப்பை மாற்றுங்கள், உள்ளே சுருள் கம்பி உள்ளதாகப் பார்த்து. பெல்ட் தளர்ந்திருப்பது, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது, கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போவது ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும். டைமிங் விளக்கு இல்லாதவர் மெக்கானிக்கிடம் போவது நல்லது.

மூடியைத் திறந்து ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே தொடர்ந்து குமிழி வந்தால், அல்லது ஆயில் குச்சியில் மோர் நிறப் பிசுக்கு இருந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அத்தோடு வண்டியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## 4. ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது

சாவியை எடுத்து, எஞ்சின் ஆறிய பிறகும் சுற்றினால் ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கியதும் நின்றால், சுவிட்ச் ஒயரை ரிலே பக்க முனையில் கழற்றிவிட்டு ரிலேயைத் திரும்ப மாட்டுங்கள். அப்போதும் ஓடினால் ரிலேயின் காண்டாக்ட் உருகி ஒட்டிவிட்டது. 40 ஆம்பியர் ரிலேயாக மாற்றுங்கள். ஓடவில்லை என்றால் சுவிட்ச் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது, அல்லது சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது.

எஞ்சின் ஓடும்வரை நிற்காமல் ஓடுகிறது என்பது வேறு கதை. சுவிட்சின் எண்ணையும் தெர்மோஸ்டாட்டின் எண்ணையும் ஒப்பிடுங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்தால் எஞ்சின் அதற்குக் கீழே இறங்காது. மேல் ஓஸில் உள்ள சுவிட்ச் 80-இல்தான் அணையும் என்றால் ஃபேன் எப்போது நிற்கும்? மேலே வைத்தால் 95-இல் தொடங்கி 90 அருகே நிற்பது பொருத்தம். கீழ் டேங்கில் தண்ணீர் ஏற்கெனவே ஆறி வருவதால் அங்கே அதைவிடக் குறைந்த எண் வேண்டும். 88-க்குப் போட்டு 82-க்கு அணைவது சரி. ரேடியேட்டர் அடைபட்டிருந்தாலும் ஃபேன் ஓய்வில்லாமல் ஓடும், அதற்கு 2இ பார்க்கவும்.

## 5. ஃபியூஸ் போகிறது, ஒயர் சுடுகிறது

ஃபேன் தொடங்கும் நொடியில் ஓடும் கரண்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் ஃபேனுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் நிற்காது, 20 போடுங்கள். இரண்டு ஃபேன் என்றால் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். 20-ம் போகிறது என்றால் 30-க்கு ஏற்றாதீர்கள். இறக்கை எங்கோ உரசுகிறது, புஷ் பிடிக்கிறது, அல்லது ஒயர் உறை கிழிந்திருக்கிறது. டி.சி. கிளாம்ப் மீட்டரால் ஓடும் கரண்டை அளந்தால் உடனே தெரியும்: ஃபேன் மேல் எழுதிய அளவைவிடக் கால் பங்குக்கு மேல் கூடினால் மோட்டார் திணறுகிறது.

ஃபியூஸ் போகவில்லை, ஹோல்டர் மட்டும் உருகுகிறது என்றால் இணைப்பு தளர்வு. கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டரைத் தூக்கிப்போட்டுப் பிளேடு ஹோல்டருக்கு மாறுங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முந்தைய ஒயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

## 6. பேட்டரி இறங்குகிறது, ஹெட்லைட் மங்குகிறது

டைனமோ உள்ள வண்டிகளில் இது கோளாறே அல்ல, கணக்கு. லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச உற்பத்தி 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை; சார்ஜ் விளக்கு மினுக்குவதே அதற்குச் சாட்சி. செலவைக் கூட்டுங்கள்: ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர், இக்னிஷன் 3 முதல் 4, ஃபேன் 10. மொத்தம் 23, 24. ஓடும்போதே இழுபறி. நிற்கும்போது எல்லாம் பேட்டரியிலிருந்து.

திருவாரூர்த் தேர் நாளில் பைபாஸில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால், பகலிலேயே ஃபேனும் இக்னிஷனும் சேர்ந்து 13, 14 ஆம்பியர் எடுக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்பது சந்தேகம்தான்.

சோதனை: எஞ்சின் அணைத்து ஒரு மணி கழித்து பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். எஞ்சினை 2,000 சுற்றில் வைத்து ஃபேனை ஓடவிட்டால் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். நின்றால் ஓட்டத்தில் சார்ஜ் ஆகிறது, ஐட்லிங்கில்தான் இழப்பு. நிற்காவிட்டால் பெல்ட், டைனமோ பிரஷ், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியின் காண்டாக்ட் என்ற வரிசையில் பாருங்கள்.

செலவில்லாத தீர்வு, நெரிசலில் எஞ்சினை 1,200 சுற்றில் வைப்பதும் தேவையற்ற விளக்கை அணைப்பதும். அடுத்தது, ஹெட்லைட் தவிர்த்த மற்ற பல்புகளை எல்.இ.டி.க்கு மாற்றுவது. முழுத் தீர்வு ஆல்டர்னேட்டர்தான். 35 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் எடுங்கள். உள்ளேயே ரெகுலேட்டர் இருந்தால் பழைய கட்-அவுட் பெட்டியின் வேலை முடிந்தது.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: ஆல்டர்னேட்டர் மாற்றத்தை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்குத் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு நொடி தலைகீழாக இணைத்தாலும் ஆல்டர்னேட்டரின் டையோடு போய்விடும். பழைய மெல்லிய சார்ஜிங் ஒயரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

## 7. சாவியை அணைத்தும் எஞ்சின் சில நொடி ஓடுகிறது

ஃபேன் மாட்டிய பிறகு இது தொடங்கியதானால், ஃபேன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆறு நிமிடம் ஓட்டி அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் காரணம் ஃபேன். அணைத்த பிறகும் சுழலும் மோட்டார் டைனமோபோல் கரண்ட் உண்டாக்கி, இக்னிஷன் ஒயர் வழியாகத் திரும்ப அனுப்புகிறது. இக்னிஷன் ஒயரிலிருந்து நேராக ஃபேனுக்குக் கரண்ட் எடுத்த வண்டிகளில் வரும். மருந்து ரிலே: பேட்டரியிலிருந்து 30, ஃபேனுக்கு 87, இக்னிஷனிலிருந்து 86-க்கு மட்டும்.

பிளக் கழற்றியும் ஓடினால் அது எஞ்சின் உள்ளே கரி, அல்லது ஐட்லிங் அதிகம். மெக்கானிக் வேலை.

## 8. ஃபேன் தொடங்கியதும் சூட்டு முள் குதிக்கிறது

தண்ணீரின் சூடு ஒரு நொடியில் மாறாது. மின்சார மீட்டரும் ஃபேனும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன; ஃபேன் இழுக்கும்போது மீட்டருக்கு எர்த் குறைகிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள், ஃபேனுக்குத் தனி எர்த் கொடுங்கள். மெல்லிய செம்புக் குழாயில் வேலை செய்யும் பழைய மீட்டரில் இந்தக் குதிப்பு வராது. வந்தால் வேறு கோளாறு.

சாவியை எடுத்த பின் முள் கொஞ்சம் ஏறுவது இயல்பு. பம்ப் நின்றதும் சிலிண்டர் ஹெட்டின் சூடு நிற்கும் தண்ணீரில் இறங்கும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தணிந்தால் கவலையில்லை.

## 9. சத்தம், அதிர்வு, ரேடியேட்டரில் புது ஒழுகல்

ஃபேனோடு வரும் நைலான் பட்டைகளை ரேடியேட்டர் ஃபின்களுக்கு ஊடே குத்திக் கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். நம் சாலை அதிர்வில் பட்டை டியூபை அறுத்துக்கொண்டே இருக்கும். ஓராண்டு தாங்கினால் அதிகம். ரேடியேட்டரின் இரு பக்க இரும்புச் சட்டத்தில் தகடு பிடித்து, ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள்.

உறை இல்லாமல் மாட்டினால் இறக்கைக்கும் ரேடியேட்டருக்கும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி. பின்னால் வைத்தால் மோட்டாருக்கும் வாட்டர் பம்ப் மூக்குக்கும் குறைந்தது 20 மி.மீ. விடுங்கள், திடீரென பிரேக் அடித்தால் எஞ்சின் முன்னால் நகரும். பழைய கார்களில் இந்த இடம் கிடைப்பது அரிது. 1976-இல் எம்.ஜி.பி-க்குக் கம்பெனியே மின்சார ஃபேன் கொடுத்தபோது ரேடியேட்டரையும் முன்னால் தள்ளி வைத்தார்கள்.

பழைய பெல்ட் ஃபேனை எடுத்தபின் பம்ப்பில் கரகரச் சத்தம் வந்தால் போல்ட்டைப் பாருங்கள். ஃபேனையும் புல்லியையும் (பெல்ட் ஓடும் சக்கரம்) சேர்த்துப் பிடித்த அதே நீள போல்ட்டைத் திரும்பப் போட்டால், ஃபேனின் தடிமன் அளவுக்கு நுனி உள்ளே நீண்டு பம்ப் உடம்பில் உரசும். குட்டை போல்ட் போடுங்கள், அல்லது அதே தடிமனுக்கு வாஷர் அடுக்குங்கள். பம்ப் மூக்கில் ஏற்கெனவே தண்ணீர் கசிந்தால் பம்ப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒழுகல் ரேடியேட்டரின் மேல் தையலில் என்றால் மூடியைப் பாருங்கள். மாருதி மூடி 13 பவுண்டு அளவில் அழுத்தம் பிடிக்கும். பல பழைய ரேடியேட்டர்கள் 4 முதல் 10 பவுண்டுக்குச் செய்யப்பட்டவை. சூடு குறையும் என்று அழுத்தத்தைக் கூட்டினால் ஈயப் பற்று விட்டுவிடும். கார் புத்தகத்தில் உள்ள எண்ணே போடுங்கள். மேல் ஓஸுக்குள் செம்புக் குழாயை நுழைத்த சென்ஸரானால் அந்த நுழைவாயில் சொட்டும். கிளாம்ப்பை இறுக்கிப் பயனில்லை, மரை உள்ள அடாப்டருக்கு மாறுங்கள்.

## 10. மழையில் மட்டும் தொல்லை

ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் இறங்குமுன் ஃபேனை நிறுத்துங்கள். இதற்காகவே ரிலேயின் 86 ஒயரில் ஒரு சிறு சுவிட்ச் வையுங்கள். சுற்றும் இறக்கை தண்ணீரைத் தொட்டால் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும், இல்லையேல் உடையும். தண்ணீரைக் கடந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். மறப்பவர்கள் அந்தச் சுவிட்சோடு ஒரு சிவப்பு விளக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ரிலே கீழ்நோக்கிய முனைகளோடு, ரேடியேட்டர் மேல் விளிம்புக்கு மேலான உயரத்தில் இருக்கட்டும். மோட்டாரின் அடியில் உள்ள சிறு வடிகால் துளை கீழே பார்க்க வேண்டும். ஃபேனைத் திருப்பி மாட்டும்போது அது மேலே வந்துவிடும், உள்ளே தண்ணீர் நிற்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்குமுன் ஒருமுறை எல்லா பிளக்கையும் கழற்றிப் பச்சை பூத்த முனைகளைத் தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டிவிடுங்கள்.